ஒருவருக்கும் கிடைக்காத கார்: தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கும் நூலாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன் நான். சென்ற மாதம் மாணவர்களுக்கான பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவராக அமர்ந்திருந்தேன். தலைப்பு, 'விடாமுயற்சி'. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், நல்ல குரல், தடுமாற்றமில்லாத தமிழ், இப்படிச் சொன்னான்: "ஏழைத் தொழிலாளியும் காரில் போக வேண்டும் என்று நினைத்தார் ஹிட்லர். நினைத்ததைச் செய்து முடித்தார். அதுதான் ஃபோக்ஸ்வேகன்." அரங்கம் கைதட்டியது. தட்டியவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள்.

போட்டி முடிந்ததும் அவனை அழைத்து, இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ஒரு சொற்பொழிவில் கேட்டானாம். பிறகு ஒரு புத்தகத்திலும் அதையே பார்த்தானாம். பெரியவர்கள் சொன்னதை நம்பிய பையன் மேல் ஒரு பிழையும் இல்லை. சொன்னவர் உங்களில் யார் என்று தேடுவதும் என் வேலையல்ல. இந்தக் கதை பலர் வாயிலும் ஒரே வடிவில் இருப்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

உங்கள் கதையில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறைந்த விலையில் ஒரு கார் வேண்டும் என்று ஹிட்லர் பேசியது உண்மை. 1934 ஜூனில் ஜெர்மன் வாகன உற்பத்தியாளர் சங்கம் அதை வடிவமைக்கும் ஒப்பந்தத்தைப் பொறியாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷேவிடம் கொடுத்தது. 1938 மே 26 அன்று ஃபாலர்ஸ்லேபன் அருகே தொழிற்சாலைக்கு ஹிட்லரே அடிக்கல் நாட்டினார். கார் நன்றாக வடிவமைக்கப்பட்டிருந்தது என்பதும் உண்மைதான். நீங்கள் கதையை அந்த அடிக்கல்லோடு நிறுத்திவிடுகிறீர்கள். அதற்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும்தான் நான் கேட்கிறேன்.

முதலில் பணம். விலை 990 மார்க் என்று அறிவித்தார்கள். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது என்று தனியார் நிறுவனங்கள் ஒதுங்கின. அப்போது முன்வந்தது ராபர்ட் லை தலைமையிலான ஜெர்மன் தொழிலாளர் முன்னணி. பெயரைக் கேட்டால் தொழிற்சங்கம் போலிருக்கும். உண்மையில் தொழிற்சங்கங்களின் பிணத்தின் மேல் எழுந்த அமைப்பு அது. 1933 மே 2 அன்று நாடெங்கும் தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் நாஜிப் படையினர் புகுந்தார்கள். தலைவர்களைச் சிறைப்பிடித்தார்கள். கட்டடங்கள், வங்கி இருப்பு, அச்சகங்கள் எல்லாம் பறிபோயின. தொழிலாளிகள் பல பத்தாண்டுகளாகச் சந்தா கட்டிச் சேர்த்த அந்தச் சொத்துதான் தொழிற்சாலையின் முதலீடாயிற்று. தொழிலாளிக்குக் கார் கொடுக்கப் போவதாகச் சொன்னவர்கள் அவனுடைய சங்கத்தைக் கொள்ளையடித்துத்தான் தொடங்கினார்கள்.

அது போதாமல் அவன் சட்டைப் பையிலும் கைவைத்தார்கள். 1938 ஆகஸ்டில் லை சேமிப்புத் திட்டத்தை அறிவித்தார். ஓர் அட்டை தருவார்கள். வாரம் 5 மார்க் கொடுத்து முத்திரை வாங்கி அதில் ஒட்ட வேண்டும். 990 மார்க்கை எட்ட 198 வாரம், கிட்டத்தட்ட நான்கு ஆண்டு ஆகும். காப்பீட்டுக்கு 200 மார்க் தனி. கட்டிய பணத்துக்கு வட்டி கிடையாது. அட்டையை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. நடுவில் விலகினால் பணம் திரும்பாது. எந்தத் தேதியில் கார் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

நம் ஊரில் நகைச் சீட்டு கட்டாத குடும்பம் அரிது. மாதாமாதம் கட்டி, கடைசி மாதம் கடைக்குப் போகும்போது கதவில் பூட்டுத் தொங்கினால் அந்தக் கடைக்காரரை நாம் என்ன சொல்வோம்? உங்கள் மேடையில் ஏற்றி விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வீர்களா?

ஏறத்தாழ 3,36,000 பேர் அந்தத் திட்டத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் தொழிலாளிகள் மிகச் சிலரே. கூலியில் வாரம் 5 மார்க் ஒதுக்குவது அவர்களால் ஆகிற காரியமல்ல. பெரும்பாலோர் நடுத்தரக் குடும்பத்தினர். அவர்கள் கட்டிய தொகை 27 கோடி மார்க்குக்கும் மேல். பணம் பெர்லினில் தொழிலாளர் முன்னணியின் வங்கியில் கிடந்தது. போர் முடிந்தபோது அது சோவியத் படைகளின் கைக்குப் போயிற்று. இத்தனை பேரில் கார் வாங்கியவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் முடிந்து வெளிவந்த மக்கள் கார்கள் மொத்தம் 630. அவையும் ஆட்சியின் செல்வாக்குள்ளவர்களுக்கே போயின. அட்டைக்காரர் ஒருவர் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை.

அந்தப் பையன் என்னிடம் திரும்பக் கேட்டதும் இதைத்தான்: "ஒருத்தருக்குமா கிடைக்கவில்லை, ஐயா?" நான் இரண்டு முறை 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது.

காரின் யோசனை யாருடையது என்ற வழக்கும் உண்டு. அதில் நான் நீண்ட நேரம் நிற்கப் போவதில்லை. போர்ஷேவும் முன்பே சிறிய கார்களை வடிவமைத்துப் பார்த்தவர்தான். ஆனாலும் ஒரு பெயரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: யோசஃப் கான்ஸ். புடாபெஸ்டில் பிறந்த யூதப் பொறியாளர். எளிய மக்களுக்கான இலகுவான கார் வேண்டும் என்று தம் வாகன இதழில் ஆண்டுக்கணக்கில் எழுதியவர். பின்புறம் எஞ்சின் வைத்த சிறிய காரை அவரே செய்தும் காட்டினார். அவருடைய யோசனைகளின்படி உருவான கார் 1933 பெர்லின் வாகனக் கண்காட்சியில் நின்றது. அந்தக் கண்காட்சியைத் தொடங்கிவைத்தவர் ஹிட்லர். சில மாதங்களில் கான்ஸை நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ கைது செய்தது. பிறகு அவர் நாட்டை விட்டே வெளியேறினார். 1967இல் ஆஸ்திரேலியாவில் இறந்தார். செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா நிறுவனத்தில் ஹான்ஸ் லெட்விங்கா செய்த கார்களின் சாயலும் இதில் உண்டு. அது குறித்த வழக்கு போருக்குப் பின் 1960களில்தான் பணம் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. 'தனி மனிதரின் கனவு' என்று நீங்கள் சொல்லும் இடத்தில் இத்தனை பேர் நிற்கிறார்கள்.

இனி எழுதப்போவது எழுதுவதற்கே கடினமானது.

1939இல் போர் தொடங்கியது. தொழிற்சாலை ராணுவத்துக்கான கூபல்வாகன் வண்டிகளைச் செய்தது. ஏறத்தாழ 50,000 வண்டிகள். விமானம் பழுதுபார்த்தது, லண்டன் மீது ஏவப்பட்ட வி-1 பறக்கும் குண்டுகளுக்கான பாகங்களைச் செய்தது. இதையெல்லாம் செய்த கைகள் யாருடையவை? 1940 கோடையில் போலந்துப் பெண்களைக் கொண்டுவந்தார்கள். பிறகு சோவியத் போர்க்கைதிகள், பிரெஞ்சு, பெல்ஜிய, டச்சு இளைஞர்கள், சிறைப்பட்ட இத்தாலிய ராணுவத்தினர், வதைமுகாம் கைதிகள், 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து ஹங்கேரிய யூதர்கள். போர்க்காலம் முழுவதும் கணக்கிட்டால் ஏறத்தாழ 20,000 பேர். 1944இல் அங்கே வேலை செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இப்படிக் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவர்களே.

அந்தப் பெண்களில் சிலருக்குக் குழந்தைகள் பிறந்தன. தாய் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகப் பிறந்த சில நாட்களிலேயே குழந்தையைப் பிரித்து, தொழிற்சாலை நடத்திய காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1944இல் அந்தக் காப்பகம் ரூயன் என்ற கிராமத்துக்கு மாற்றப்பட்டது. பெயர்தான் காப்பகம். சரியான பால் இல்லை, சுத்தம் இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நோய் வந்தால் வந்ததுதான். 300க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் இறந்தன. பொறுப்பிலிருந்த தொழிற்சாலை மருத்துவர் ஹான்ஸ் கோர்பெலைப் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்து மரண தண்டனை விதித்தது. 1947இல் தண்டனை நிறைவேறியது. நான் இதை வகுப்பில் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறேன். அன்று பாடத்தை முடிக்க முடியவில்லை.

அப்படியானால் சாலையில் ஓடிய அந்தக் கோடிக்கணக்கான 'வண்டு' (பீட்டில்) கார்கள், அதாவது இதே ஃபோக்ஸ்வேகன் கார்கள், எங்கிருந்து வந்தன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பதில்தான் உங்கள் மேடைக்கு உண்மையில் பொருத்தமானது.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை அங்கே வந்தது. பிறகு அப்பகுதி பிரிட்டிஷ் கைக்கு மாறியது. 'ஃபாலர்ஸ்லேபன் அருகேயுள்ள கேடிஎஃப் கார் நகரம்' என்ற நீளமான நாஜிப் பெயரை (கேடிஎஃப் என்பது 'மகிழ்ச்சியால் வலிமை' என்ற நாஜி முழக்கத்தின் சுருக்கம்) நீக்கி ஊருக்கு வூல்ஃப்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். குண்டுவீச்சில் கூரை பெயர்ந்த தொழிற்சாலையைப் பிரித்தெடுத்து இழப்பீடாகக் கொண்டுபோவதா என்ற பேச்சு நடந்தது. அந்த ஆகஸ்டில் பொறுப்பேற்க வந்தவர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் மேஜர். வயது 29. மேலிடத்திலிருந்து அவருக்குக் கிடைத்த உத்தரவுகள் சொற்பம். கிடந்த காரொன்றுக்கு ராணுவப் பச்சை வண்ணம் பூசித் தலைமையகத்துக்கு அனுப்பிக் காட்டினார். பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கே வாகனப் பஞ்சம். 20,000 கார்களுக்கு ஆணை கிடைத்தது. எஃகும் நிலக்கரியும் உணவும் தேடி அலைந்து அந்தத் தொழிற்சாலையை எழுப்பினார்கள். 1945 டிசம்பர் 27 அன்று தொடர் உற்பத்தி தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் 55 கார்கள். அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 10,000.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1945 நவம்பரில், உற்பத்தி தொடங்குவதற்கும் முன்பே, தொழிலாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பிரதிநிதிக் குழு அங்கே கூடிவிட்டது. 1933இல் பறிக்கப்பட்டது பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் திரும்ப வந்தது.

1948 முதல் ஹைன்ரிஷ் நோர்டாஃப் நிர்வாகத்தை ஏற்றார். 1949இல் பிரிட்டிஷார் பொறுப்பை ஜெர்மானியரிடம் ஒப்படைத்தார்கள். 1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. 2003 ஜூலையில் மெக்சிகோவின் பூப்லாவில் கடைசி வண்டுக் கார் முடிந்தபோது மொத்தக் கணக்கு 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மக்களுக்குக் கார் கிடைத்தது, ஹிட்லர் போன பிறகு.

அட்டை வைத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் சங்கம் அமைத்து நீதிமன்றம் போனார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில், மேல்முறையீட்டின் மேல் மேல்முறையீடாக இழுத்துக்கொண்டே போயிற்று. 1961இல் சமரசம் ஏற்பட்டது: புதிய கார் வாங்கினால் அதிகபட்சம் 600 மார்க் தள்ளுபடி, வேண்டாம் என்றால் அதிகபட்சம் 100 மார்க் ரொக்கம். முத்திரை ஒட்டத் தொடங்கி 23 ஆண்டுகளுக்குப் பின். விடாமுயற்சி என்ற தலைப்புக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

இதெல்லாம் எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் சொன்னவற்றில் பெரும்பகுதியை வெளிக்கொணர்ந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே ஃபோக்ஸ்வேகன் நிறுவனம்தான். 1986இல் வரலாற்றாசிரியர் ஹான்ஸ் மோம்சனிடம் தன் நாஜிக்கால வரலாற்றை ஆராயும் பணியை அது ஒப்படைத்தது. மோம்சனும் மான்ஃப்ரெட் கிரீகரும் எழுதிய ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட நூல் 1996இல் வெளிவந்தது. 1998இல் உயிரோடிருந்த கட்டாயத் தொழிலாளர்களுக்காக 2 கோடி மார்க் நிதி ஒதுக்கப்பட்டது. 1999இல் தொழிற்சாலையின் பழைய பதுங்குகுழி ஒன்றில் நினைவிடம் திறந்தார்கள். நிறுவனத்துக்கு இதற்காக நான் பூமாலை சூட்டப் போவதில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் தாமதம் அது, அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். ஆனாலும் அந்தக் காரை விற்றுப் பிழைக்கும் நிறுவனமே தன் வளாகத்துக்குள் எழுதி வைத்திருக்கும் உண்மையை, அதோடு ஒரு தொடர்பும் இல்லாத நாம் ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்?

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. புத்தகம் எழுதியவர்கள் அடுத்த பதிப்பில் அந்தப் பத்தியைத் திருத்துங்கள். மேடையில் சொன்னவர்கள் இன்னொரு மேடையில், 'முன்பு தவறாகச் சொல்லிவிட்டேன்' என்று ஒரு வரி சொல்லுங்கள். ஃபோக்ஸ்வேகன் கதை இல்லாமல் முடியாது என்றால் ஹர்ஸ்டைச் சொல்லுங்கள், அட்டைக்காரர்களைச் சொல்லுங்கள், கான்ஸைச் சொல்லுங்கள். நான் சொன்னதற்கு உங்களிடம் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். என் பக்கம் பிழையிருந்தால் இதே போல் பகிரங்கமாகத் திருத்திக்கொள்கிறேன்.

அந்தப் போட்டியில் பையனுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தோம். பேச்சுக்கு முழு மதிப்பெண். பொருளுக்குக் குறைத்தேன், காரணத்தையும் அவனிடம் சொன்னேன். அடுத்த மாதம் மாவட்ட அளவில் பேசப் போகிறான். ரூயன் என்ற ஊரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று நேற்று தொலைபேசியில் கேட்டான்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்