மரத்தின்ட காலடியை சீமெந்தால மூடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் மழை பெய்ஞ்சதுக்கே கொழும்பு கிருலப்பனையில எங்கட ஒழுங்கை முழுக்கத் தண்ணி. கான் அடைச்சுப் போச்சு, ஒருத்தரும் துப்பரவாக்கேல்ல எண்டுதான் எல்லாரும் ஏசினாங்க, அதுவும் சரிதான், ஆனா நான் ஒரு கணக்குப் போட்டுப் பாத்தன். 1 சதுர மீட்டரில 1 மில்லிமீட்டர் மழை எண்டா 1 லீட்டர் தண்ணி. எங்கட காணி 6 பேர்ச்சஸ், கிட்டத்தட்ட 150 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் பெய்ஞ்சா 7500 லீட்டர், மொட்டை மாடியில வைக்கிற 1000 லீட்டர் டாங்க்கில ஏழரை டாங்க்! முந்தி முற்றத்து மண் குடிச்சது போக மிச்சம்தான் ரோட்டுக்குப் போச்சு, இப்ப வீட்டுக்கு வீடு சீமெந்து, இன்டர்லொக் கல்லு, எல்லாம் ஒரே நேரத்தில கானுக்கு ஓடுது. எந்தக் கான் தாங்கும்?

நாங்களும் குப்பை, நுளம்பு எண்டு பயந்து மாமரத்தின்ட அடிவரைக்கும் சீமெந்து போட்டனாங்கள். ரெண்டு வருஷத்தில இலையெல்லாம் சிறுத்து மரம் வாடிப் போச்சு, மனசு கேக்கேல்ல, ஆள் பிடிச்சு சுத்திவர நாலடிக்கு உடைச்சு எடுத்தம். உள்ள மண் கல்லு மாதிரி, அலவாங்கே இறங்கேல்ல. விழுற இலையைக் கூட்டி அதிலயே போட்டு வர வர மண் கறுத்து, பொதுபொதுவெண்டு, மண்புழுவும் வந்திட்டுது. இப்ப மழைக்கு வாசல்ல நிண்டு பாத்தா சீமெந்தில விழுற தண்ணி கேற்றடியால ஓடுது, மரத்தடியில விழுறது குமிழி விட்டு விட்டு உள்ள போகுது. புழு போன துளை, உக்கின வேர் விட்ட துளை, அதுவழியாத்தான் இறங்குது. ஒரு நாளுக்குள்ள வத்திடும், நுளம்பு முட்டையில இருந்து பறக்க ஒரு கிழமை மட்டில வேணும், அதால டெங்குப் பயமும் இல்லை.

2023 ஓகஸ்ட்டில கொள்ளுப்பிட்டியில பஸ்ஸுக்கு மேல மரம் விழுந்து ஆக்கள் செத்த பிறகு பெரிய மரம் எண்டாலே சனத்துக்குப் பயம், அதை நான் பிழை சொல்லேல்ல. ஆனா தண்டு வரைக்கும் கொங்கிரீட் போட்டு, பைப் புதைக்க எண்டு வேரையும் வெட்டினா எந்த மரம் நிக்கும்? வேருக்குத் தண்ணி மட்டுமில்ல, காத்தும் வேணும்.

2016ல களனி ஆறு பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவை மூழ்கின மாதிரி வெள்ளத்தை மரத்தடி மண் தடுக்காது, அதுக்கு சதுப்பு நிலங்களைக் காப்பாத்த வேணும், 2018ல ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் எண்ட சர்வதேச ஒப்பந்தத்தின்ட கீழ கொழும்பை ஈரநில நகரமா அங்கீகரிச்சதும் அந்த நிலங்களுக்காகத்தான். நான் சொல்றது ஐப்பசியில பின்னேரம் கொட்டித் தீக்கிற மழையை.

மாநகர சபைக்கு என்ர வேண்டுகோள் இதுதான்: நடைபாதை புதுசாப் போடேக்க ஒவ்வொரு மரத்துக்கும் சுத்திவர மண் விடுங்க, ரோட்டுத் தண்ணி அதுக்குள்ள இறங்க ஓரக்கல்லில ஒரு வாய் வெட்டி விடுங்க, கூட்டுற இலையை லொறியில ஏத்தாம அந்த மண்ணிலயே போடுங்க.

இப்படிக்கு,
கிருலப்பனை வாசகி