ஏரியைச் சுற்றிப் பாதை வேண்டாம், பாதி போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காட்பாடிப் பக்கம் கழிஞ்சூர், தாராபடவேடு ஏரிகளைத் தூர்வாரிக் கரையைச் சீராக்கி நடைபாதை அமைக்கும் வேலை நடந்ததிலிருந்து, வேலூரில் எந்த ஏரியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் "எங்களுக்கும் அதேபோல ஒரு பாதை" என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும் ஊரில், விடியற்காலையில் காலாற நடக்கத் தண்ணீர்க் காற்று வீசும் இடம் வேறு எங்கே இருக்கிறது? கோட்டை அகழி ஓரம் நடக்கலாம். சரி, தினமும் எல்லோரும் பஸ் பிடித்துக் கோட்டைக்குப் போக முடியுமா? ஆனால் பெரும்பாலும் கேட்பது ஏரியை முழு வட்டமாகச் சுற்றி வரும் பாதை. அது கூடாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

வட ஆற்காட்டு ஏரிகளில் தாழ்வான பக்கத்தில் மட்டும்தான் கரை. அதில் மதகு, ஓரத்தில் மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கல். எதிர்ப்பக்கத்து உள்வாய், அதாவது தண்ணீர் ஏறிப் பரவும் பக்கம், திறந்தே கிடக்கும். மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் இறங்கும். வரத்துக் கால்வாயில் மட்டுமல்ல, நிலத்தின்மேல் பரவியும் வரும். அங்கே நடைபாதைக்காக லாரி லாரியாக மண் கொட்டி இன்னொரு கரை எழுப்பினால் ஏரி, தொட்டியாகிவிடும். உள்ளே வரவேண்டிய தண்ணீர் வெளியே தெருவில் நிற்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டதையும், ஏரிகள் நிரம்பி வழிந்ததையும் கண்ணால் பார்த்த ஊரிலேயே இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுற்றிலும் கரை இருந்தால் ஆக்கிரமிப்பு நிற்கும் என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி அளந்து எல்லைக்கல் நட்டு, கல்லை ஒட்டி வரிசையாகப் பனங்கொட்டை ஊன்றினால் செலவும் கம்மி, தண்ணீரையும் மறிக்காது.

பறவைகளும் உள்வாயை நம்பித்தான் இருக்கின்றன. கொக்கும் நத்தைகுத்தி நாரையும் இரை தேடுவது முழங்காலளவுத் தண்ணீரில். முக்குளிப்பான் நீர்ச்செடிகளைக் குவித்து, மிதக்கும் கூடு கட்டுவது ஆள் போகாத மூலையில். அங்கே காலையும் மாலையும் கூட்டமாக நாம் பேசிக்கொண்டு நடந்தால் அவை வேறு ஏரி பார்த்துப் போய்விடும். வெண்மார்பு மீன்கொத்திக்கோ மண்சுவரே வேண்டும். அதில் வளை குடைந்து உள்ளே முட்டையிடும். கரை முழுக்க சிமென்ட் பூசிவிட்டால் அது எங்கே குடையும்? அலை மோதும் இடத்தில் கருங்கல் பதிக்கட்டும், மிச்சத்துக்குப் புல் போதும்.

ஆகவே, பாதை கரைமேல் மட்டும் இருக்கட்டும். போய்த் திரும்பினால் நடைக்குக் கணக்கு சரியாகிவிடும். பேவர் பிளாக் வேண்டாம், கிராவல் கொட்டி உருளை ஓட்டினால் போதும். என் வயதுக்காரர்களின் கால் மூட்டுகளைக் கேட்டால் அவையும் இதையே சொல்லும். நுழைவாயிலில் கல் தூண்கள் நட வேண்டும்: சக்கர நாற்காலி நுழையலாம், கார், டிராக்டர் நுழையக் கூடாது. பைக்கைத் தூண் தடுக்காது, அதற்குக் காவலாள்தான் வேண்டும். கரைமேல் பைக் ஓட்டி, இருட்டியதும் பாட்டில் உடைக்கும் கூட்டத்துக்குப் பயந்தே பல பெண்கள் ஏரிப் பக்கம் வருவதில்லை. கரையின் கீழே ஒரு கழிப்பறை, பூட்டிக் கிடக்காத கழிப்பறை, கட்டாயம். செல்ஃபி பாயிண்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் முன்னால் கழிவுநீரைத் தடுக்க வேண்டும். வரத்துக் கால்வாயில் சாக்கடையைத் திருப்பிவிட்டால், தூர்வாரிய ஏரியையும் ஆகாயத்தாமரை மூடிவிடும். அப்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். பெங்களூரு ஜக்கூர் ஏரிக்குச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர், சம்பு என்ற நீர்ப்புல் வளர்ந்த சதுப்பு நிலத்தைக் கடந்துதான் சேர்கிறது. நம் ஏரிகளில் தண்ணீர் நுழையும் வாயிலும் அப்படியொரு சதுப்புக்குக் கொஞ்சம் இடம் விடலாம்.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரையில் வறண்டு கிடக்கும் ஏரியைப் பார்த்து வரைபடம் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது வாருங்கள். மீன் குத்தகைக்காரர், மாடு மேய்ப்பவர், அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு நடந்து, தண்ணீர் எட்டும் இடத்தில் சுண்ணாம்பு அடித்த கல் நடுங்கள். டெண்டர் அதற்குப் பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காந்தி நகர், காட்பாடி.