குளியலறைக்குக் கீழே ஒரு கதவு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை பிடித்துக்கொண்டால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வரும். மஞ்சளா, செம்மஞ்சளா, சிவப்பா என்று கேட்டுவிட்டு, வீட்டுப் பின்கரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நுவரெலியா மாவட்டத்தில் எங்களுக்குப் பழகிப்போன வேலை. என் வீட்டுக் கரையை நனைத்ததோ மழையல்ல. பெப்ரவரியில், தேயிலைச் செடி வாடி நின்ற வறட்சியில், கீழ் வீட்டுத் தங்கை வந்து, "அக்கா, எங்கள் குசினிச் சுவர் வேர்க்கிறது" என்றாள். போய்க் கை வைத்துப் பார்த்தேன். கையில் சவர்க்கார வாசனை.

மலைத் தண்ணீர் விழும் பொதுப் பீலியில் குளித்து வளர்ந்தவள் நான். வீட்டுக்குள் குளியலறை என்பது என் அம்மா காணாத வசதி. கொட்டகலைப் பக்கம், சரிவில், 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய வீடு எங்களுடையது. குளியலறையின் பள்ளப் பக்கத்தைக் கருங்கல்லால் உயர்த்தி, மேலே கொங்கிறீட் தட்டுப் போட்டு, டைல் பதித்துக் கொடுத்தார்கள். தட்டுக்கும் மண்ணுக்கும் இடையே ஒன்றரை அடி வெற்றிடம். தண்ணீர் இறங்கும் குழாயும் அதன் வளைவும் அதற்குள்ளேதான். சுற்றிலும் கல், ஒரு பூனைகூட நுழைய வழி வைக்கவில்லை.

முதலில் வந்த மேசன் பாஸ், பார்த்தவுடனேயே டைல் இடுக்குகள்தான் காரணம் என்றார். சீமெந்து தேய்த்தார், மேலே ஏதோ பூச்சும் பூசினார். 18,000 ரூபா. இரண்டு வாரத்தில் தங்கையின் சுவர் மறுபடி வேர்த்தது. அடுத்து, "தரை முழுவதையும் உடைக்க வேண்டும் அம்மா" என்றார். முப்பத்தொரு வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை பார்த்தவள் நான். எங்கே என்று தெரியாமல் கத்தியை எடுக்க நான் விடுவேனா?

பழைய துணியைப் பொலித்தீன் பையில் திணித்து, தண்ணீர் போகும் வாயை அடைத்தேன். தரையில் இரண்டு விரற்கடைக்குத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் தண்ணீர் கோட்டிலேயே நிற்கிறது. ஆக, பாவம், டைல் மீது குற்றமில்லை. பிறகு அடைப்பை எடுத்து, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். தேநீர் குடித்து முடிப்பதற்குள் கல் கட்டின் அடியில் நீலம் கசிந்தது. ஒழுகுவது வாய்க்குக் கீழே, குழாயில்.

இரண்டாவதாக வந்தவன் இளைஞன். அவன் பிறந்தபோது எடை பார்த்து அட்டை எழுதியதே நான்தான். 2 கிலோ 300 இருந்தான். இன்றும் ஒல்லிதான், அன்றைக்கு அதுவே உதவியது. மேலே ஒரு டைலைக்கூடத் தொடாமல், வெளிப்பக்கம் நான்கு கற்களைப் பெயர்த்தான். சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போனான். "மிஸ்ஸி, பசையே போடவில்லை, சும்மா செருகியிருக்கிறார்கள்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. குழாய்க்குக் கீழே முட்டும் இல்லை. மண் சற்று அமர, வளைவு சாய்ந்து, மூட்டு வாய் பிளந்திருக்கிறது. குழாய் அறுக்கும் வாளை ஓட்ட இடமில்லாததால் வெறும் அலகைக் கையில் பிடித்து அறுத்தான். குழாய்களை இணைக்கும், நடுவில் தடுப்பில்லாத சொக்கட்டை ஒரு முனையில் முழுவதும் தள்ளி, பசை தடவி, திரும்ப இழுத்து இரண்டு முனைகளுக்கும் பொதுவாக நிறுத்தினான். கீழே செங்கல் முட்டுக் கொடுத்தான். ஒரு நாள் முழுவதும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்றான். பொருளோடு கூலி 4,500 ரூபா.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஷவரில் நிமிடத்துக்கு எட்டு லீற்றர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் நாளுக்கு 200 லீற்றர். அதில் எவ்வளவு அந்தச் சரிவுக்குள் இறங்கியதோ! ஒரு குளியலறையால் மலை சரியும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை அறிந்தவர்கள் நாங்கள். கரைக்குள் தண்ணீர் நிற்கிறது என்றால் தூக்கம் வராது.

ஆகவே கட்டித் தருபவர்களிடமும் பிரதேச சபைகளிடமும் கேட்கிறேன். சரிவில் கட்டும் குளியலறைக்குக் கீழே, ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கதவு விடச் சொல்லுங்கள். தட்டுப் போடுவதற்கு முன் குழாயின் நுனியை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மூட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சான்றிதழ் கொடுக்க வரும் அதிகாரி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? நீலம் நான் தருகிறேன்.

பெயர்த்த நான்கு கற்களை நான் திரும்பக் கட்டவிடவில்லை. அந்த இடத்தில் தகரக் கதவு போட்டு, மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். போன வாரம் கதவு சற்று விலகியிருந்தது. உள்ளே, அவன் விட்டுப்போன சாக்கின்மேல் பூனை மூன்று குட்டிகள் போட்டிருக்கிறது. சாக்கைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
கொட்டகலை.