மூன்று மாத எச்.ஐ.வி. குளிசையை ஒரேயடியாகத் தரும்படி கோரும் மனு

கொழும்பு

மதிப்புக்குரிய பணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

இது என் மூன்றாவது மனு. முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. நீங்கள் அறிந்த கிளினிக்தான், அதனால் பெயர் எழுதவில்லை.

1. முன்பு எச்.ஐ.வி. குளிசை மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தந்தார்கள். இப்போது இரண்டு கிழமைக்குத்தான். கடதாசி உறையில் எண்ணிப் போட்ட பதினான்கு குளிசை. நான் புறக்கோட்டையில் நாட்கூலிக்கு மூட்டை தூக்குகிறவன் ஐயா, கிளினிக் போகும் நாளெல்லாம் சம்பளம் இல்லை. அதைக்கூடத் தாங்கலாம். இரண்டு கிழமைக்கு ஒருக்கா லீவு கேட்டால் முதலாளி "உனக்கு என்ன வருத்தம்?" என்று கேட்கிறார், போன முறை கடையில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். பல்வலி என்றேன். எத்தனை முறைதான் பல்வலி வரும்? வரிசையில் நிற்கும்போது எங்கள் தோட்டத்து ஆள் யாராவது அந்தப் பக்கம் வந்துவிடுவாரோ என்று சுவரைப் பார்த்தபடியே நிற்கிறேன்.

2. எல்லோரும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யுங்கள் என்கிறீர்கள், சரியான வேலைதான். தொற்று உள்ள எல்லோருக்கும் உடனே மருந்து தொடங்கச் சொல்லி உலக சுகாதார அமைப்பு 2015இலேயே அறிவித்துவிட்டது. ஆனால் விரலில் ஊசி குத்துவது ஒரு நாள் செலவு, குளிசையோ சாகும்வரை. புதியவர்கள் வந்து சேர்கிறார்கள், குளிசையால் பழையவர்களும் உயிரோடு இருக்கிறோம். அப்படியென்றால் கணக்கு வருடா வருடம் கூடத்தானே செய்யும்? பரிசோதனைக்குத் திட்டம் போட்டபோதே இதையும் போட்டிருக்க வேண்டாமா? வெளிநாட்டு உதவி எந்நாளும் வருமா?

3. குளிசை அடிக்கடி விடுபட்டால் வைரஸ் அதற்குப் பழகிவிடும், பிறகு தேவைப்படும் இரண்டாம் வரிசை மருந்து பெரும்பாலும் விலை கூட. இன்று மிச்சம் பிடிக்கிற காசு நாளைக்குப் பல மடங்காகப் போகும். ஒழுங்காகக் குடித்து இரத்தத்தில் வைரஸ் பிடிபடாத அளவுக்குக் குறைந்தால் உடலுறவால் மனைவிக்கும் தொற்றாது என்று உங்கள் டாக்டர்மாரே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் இலங்கைக்குச் சான்றிதழும் கிடைத்தது. அதைச் செய்தவர்களுக்கு ஒரு அலுமாரியில் மூன்று மாதக் குளிசை வைக்க முடியவில்லையா ஐயா?

4. மூன்று மாதம். இதைத்தான் கேட்கிறேன்.

கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். இந்தக் குளிசைக்கென்று வருடாந்தம் தனியாகப் பணம் ஒதுக்கி, பழையபடி மூன்று மாதத்துக்குத் தரும்படி தயவாய்க் கேட்கிறேன். அடுத்த கிளினிக் திகதி வரும் வியாழன். இம்முறை முதலாளியிடம் சொல்ல என்னிடம் பொய் இல்லை.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நோயாளி
(கிளினிக் இலக்கம் தனி உறையில் இணைக்கப்பட்டுள்ளது)