அடர்நிறப் பனியன் துணிகளின் விலை குறித்து

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அடுத்த மாதம் முதல் எங்களிடம் கறுப்பு, கருநீலம், மெரூன் நிற டி-சர்ட்டுகளின் விலை சற்றுக் கூடுகிறது. வெளிர் நிறங்களின் விலையில் மாற்றமில்லை. நூலும் தையலும் ஒன்றாக இருக்க, நிறத்துக்கு நிறம் விலை மாறுவானேன் என்று பலர் கேட்பதால் இம்மடல்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புச் சேர்க்க வேண்டும். நிறம் அடர அடர உப்பும் கூடும். அந்த உப்பு துணியில் தங்காமல் சாயத்தண்ணீரோடு வெளியேறிவிடும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் பல ஆண்டுகள் அந்தத் தண்ணீரை நொய்யல் ஆற்றில் விட்டன. அதே ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. ஆற்றோர ஊர்களில் கிணறு உப்பாகி, தென்னை காய்ந்தது. அன்று பனியன் மலிவாகக் கிடைத்ததென்றால், அதன் விலையில் ஒரு பங்கை அந்த விவசாயிகள் கட்டினார்கள் என்றே பொருள். அவர்களுக்கு யாரும் ரசீது போடவில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின்னரே, கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறை இங்கு நிலைபெற்றது. ஆர்.ஓ. இயந்திரத்தில் நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்து, மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து வற்றச் செய்கிறார்கள். தண்ணீரும் உப்பில் பெரும்பகுதியும் மறுபடி சாயத்துக்கே பயன்படுகின்றன. கொதிக்கவைக்க ஆகும் நீராவிச் செலவும் மின்சாரச் செலவும்தான் சாயக்கூலியில் ஏறுகின்றன. மீள எடுக்க முடியாத கலவை உப்பு இன்னும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கழிவை ஓடையில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் ஒருவரால் சாயக்கூலியைக் கிலோவுக்குக் குறைத்துச் சொல்ல முடியும். விதியும் கண்காணிப்பும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லாதவரை சந்தை அவருக்கே ஆர்டரைக் கொண்டு சேர்க்கும். அது சந்தையின் குணமன்று, அதற்கு நாம் கொடுத்திருக்கும் கணக்கின் குறை. கூடிய செலவைப் பீஸ் ரேட்டில் தைப்பவர்களின் கூலியில் பிடிக்கவும் எங்களுக்கு மனமில்லை.

இனி எங்கள் பில்லில் சாயக்கூலி தனி வரியாக அச்சாகும். சீருடைக்கு மொத்தமாக ஆர்டர் தருவோர், துணி சாயத்துக்குப் போகுமுன் நிறத்தை உறுதிசெய்து தருமாறு வேண்டுகிறோம். நிறம் மாற்றி மறுசாயம் போட்டால் அதே தண்ணீரும் உப்பும் இன்னொரு முறை செலவாகும், அக்கூலியும் பில்லில் சேரும்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம், திருப்பூர்