கடற்கரைத் திரையை எடுத்துவிடாதீர்கள்

பாம்பன் பக்கத்து எங்கள் ஊர் விழாக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த வருடம் திருவிழாவில் கடற்கரையில் திரை கட்டிச் சிரிப்புப் படம் போட வேண்டாம், அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் சீரியல் லைட் கட்டலாம் என்று பேசிக்கொள்கிறீர்களாம். "ஆளுக்கொரு போன் இருக்கு, வேணுங்கிறவன் அதுல பார்த்துக்கட்டும்" என்கிறீர்கள். போனில் படம் கிடைக்கும், சரி. சிரிப்பு கிடைக்குமா?

பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். சிரிப்புக்கு எதிரொலி வேண்டும், நாம் சிரிப்பது எப்போதும் ஒரு கூட்டத்தோடுதான் என்றார். டிவி நகைச்சுவைத் தொடர்களில் எங்கிருந்தோ சிரிப்பொலியைக் கொண்டுவந்து ஒட்டுவதும் இதனால்தானே?

கான்ட் என்ற ஜெர்மன் அறிஞர் 1790இல் வேறொன்று சொன்னார். பெரிதாக எதிர்பார்த்தது சட்டென்று ஒன்றுமில்லாமல் போனால் சிரிப்பு வரும். தாதாவின் கார் புழுதி கிளப்பி வந்து நிற்கிறது, பின்னணி இசை அதிர்கிறது, கதவு திறந்ததும் ஓர் ஆட்டுக்குட்டி இறங்குகிறது. அவ்வளவுதான்.

நம் ஊருக்கு ரொம்பப் பொருந்துவது உளவியல் அறிஞர் ஃபிராய்ட் 1905இல் எழுதியது. உள்ளே அடக்கி வைத்த மனவிசை தேவையில்லாமல் போகும்போது சிரிப்பாக வெளியேறுகிறது என்றார் அவர். இது நமக்குப் புதிதா என்ன? இலங்கை ரோந்துப் படகு திரும்பிப் போனதும், அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நின்றவன் நடுங்கியதை நடித்துக் காட்டி மொத்தப் படகும் சிரிக்குமே! மீன்பிடித் தடைக்காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. வருமானம் கிடையாது, எஞ்சின் வேலைக்கு வாங்கிய கடன் மட்டும் வளர்கிறது. அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு அடங்கிக் கிடப்பதை சீரியல் லைட் வெளியேற்றாது.

ஆனால் எந்தப் படம் என்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அடுத்தவன் தாழ்வில் நம் உயர்வைத் திடீரென்று உணர்ந்து சிரிக்கிறோம் என்றார் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸ். நம் தொல்காப்பியமும் நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, எள்ளல் (கேலி), இளமை, பேதைமை, மடன் (இரண்டும் ஒருவகை அசட்டுத்தனம்) என்று நான்கு காரணம் சொல்லி, எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது. போன தடவை போட்ட படத்தில் பாதி எள்ளல்தான்: கறுப்பு நிறம், திக்குவாய். மறுநாளே எங்கள் தெருவில் திக்கிப் பேசும் பையனுக்குப் பட்டப்பெயர் விழுந்தது, இன்னும் போகவில்லை. அசட்டுத்தனத்துக்குச் சிரிக்கவைக்கும் படங்கள் நிறைய இருக்கின்றன. போடுவதற்கு முன் குழுவாக உட்கார்ந்து ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கச்சான் என்கிற மேல்காற்றுக்குத் திரை படபடக்கும். ஐஸ் கம்பெனிச் சுவர் மறைவில் கட்டினால் தேவலை. நாட்டுப்படகுக்காரர்கள் விடியுமுன் கடலுக்குப் போக வேண்டும், பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். கயிறும் ஆளும் எங்கள் தெருவிலிருந்து வரும்.

இப்படிக்கு,
வடக்குத் தெருக்காரன்