பெயின்ற் கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், வளவு மூலையில் மாமரத்தடியில் நின்ற மொறிஸ் மைனர் கார்களுக்கு மறுபடி மதிப்பு வந்தது. பழைய இரும்புக்குப் போகவேண்டியவற்றை வீட்டிலேயே கழற்றிப் பூட்டிப் பார்க்கும் இளைஞர்கள் திருகோணமலையில் இருக்கிறார்கள். அவர்களை மனதாரப் பாராட்டவேண்டும். ஆனால் வேலையை அவர்கள் தொடங்கும் இடம்தான் பிழை. கறளைச் சுரண்டிப் புட்டி வைத்து, கண்ணாடிபோலப் பெயின்ற் அடித்து, அதன் பிறகு அடிப்பக்கத்தைப் பார்க்கிறார்கள். பெயின்ற் கடைசி வேலை. அதற்கு முன்பு செய்யவேண்டியவற்றை அறிந்தவரை எழுதுகிறேன், பிரசுரித்து உதவுங்கள்.

யூரியூப்பில் அமெரிக்கர்கள் 1960களின் முஸ்டாங், ஷெவல் கார்களைத் திருத்துவதைப் பார்த்துப் பழகுபவர்கள் இரண்டு வேறுபாடுகளை மனதில் வைக்கவேண்டும். அங்கே பனியை உருக்க வீதியில் உப்புத் தூவுகிறார்கள். கறள் பெரும்பாலும் கீழிருந்து ஏறுகிறது. நமக்கு உப்பு காற்றிலேயே வருகிறது. உப்புவெளியிலும் டச்சுக் குடாவை ஒட்டியும் நிற்கும் காரில் கண்ணாடி ரப்பரின் அடி, கூரை ஓரத்துத் தண்ணீர்க்கால், கதவின் உட்புறம் என்று மேலிருந்தும் கறள் இறங்கும். இரண்டாவது, ஷெவலுக்குத் தனிச் செசி, அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டம், உண்டு. உடலைத் தூக்கி வைத்துவிட்டுச் செசியைத் தனியே வேலை செய்யலாம். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனருக்கு அப்படி முழுச் செசி கிடையாது. முன்பக்கத்து இரண்டு செசிக் கால்கள், முன் இருக்கைக்குக் கீழே குறுக்காக ஓடும் பெட்டித் தூலம், கதவுகளுக்கு அடியில் ஓடும் சில் தகடுகள், தரைத்தகடு எல்லாம் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. சில் தகடு உக்கிப்போன மைனர் நடுமுறிந்த கார்தான்.

வாங்கும்போதோ வேலை தொடங்கும்போதோ பெயின்றைப் பார்க்கவேண்டாம். சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, சில்லுக்கு மேலுள்ள வளைவுகளிலும் கதவின் அடிவிளிம்பிலும் சில் தகட்டிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் புட்டி இருக்கிறது. பிறகு அடியில் படுத்து, பழைய ஸ்குறூ டிறைவரால் அழுத்துங்கள். குறுக்குத் தூலம் சில் தகட்டோடு சேரும் முனை, செசிக் காலின் பின்முனை, பின் வில்லுத்தகடு முன்புறம் பூட்டும் இடம் ஆகிய மூன்றும் முக்கியம். சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உக்கிய தகடு மந்தமாகச் சத்தமிடும். தார் பூசியிருந்தால் சுரண்டாமல் நம்பக்கூடாது. கறளுக்கு மேல் பூசிய தார் காய்ந்து வெடிக்கும். வெடிப்பினூடாக இறங்கிய தண்ணீர் வெளியே வராது. தார் பூசாத காரைவிடத் தார் பூசிய கார் விரைவில் உக்குவது இதனால்தான்.

வெட்டத் தொடங்கு முன் காரை நிறுத்தும் முறை சரியாக இருக்கவேண்டும். சீமெந்துக் கல்லின் மேல் ஒருபோதும் ஏற்றாதீர்கள். அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். இரும்பு முக்காலி இல்லையென்றால் பாலை, முதிரைக் கட்டைகளைக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கலாம். மட்டமான சீமெந்துத் தரை வேண்டும். நான்கு மூலையையும் நீர்மட்டத்தால் சரிபார்த்த பிறகு, கதவைப் பூட்டியபடியே கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். பின் கதவைக் கழற்றி, முன் தூணிலிருந்து பின் தூணுக்கு ஓர் அங்குலப் பெட்டி இரும்பைக் குறுக்காக வெல்டிங் செய்யுங்கள். கதவு வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது இந்த அளவு 3 மில்லிமீற்றர் மாறினாலும் நிறுத்தவேண்டும். ஒரு பக்கச் சில் தகட்டை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்டலாம். இரண்டையும் ஒரே நாளில் வெட்டிய கார் வாழைப்பழம்போல வளையும். அதன் பிறகு எத்தனை புட்டி வைத்தாலும் கதவு பூட்டாது.

மைனரின் முன் சஸ்பென்ஷன் முறுக்குக் கம்பியில் இயங்குவது. அந்தக் கம்பியின் பின்முனை பிடித்திருப்பது மேலே சொன்ன குறுக்குத் தூலத்தில்தான். முறுக்கை இறக்காமல் தூலத்தில் கிறைண்டரை வைத்தால் கையோ காலோ போகும்.

தகட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். வெளித்தகடுகளுக்கு 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீற்றர், சில் தகட்டுக்கும் தரைக்கும் 18 கேஜ், 1.2 மில்லிமீற்றர், குறுக்குத் தூலம், வில்லுத்தகடு பூட்டும் இடம் போன்றவற்றுக்கு 16 கேஜ், 1.6 மில்லிமீற்றர். கூரைக்குப் போடும் நாகம் பூசிய தகரத்தை வெட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது மெலிந்தது, வெல்டிங் செய்யும்போது நாகம் ஆவியாகி வெல்டில் துளை விழும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். மைனரின் உடற்தகடுகள் நம் நாட்டிலேயே செய்து பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியான வரலாறு உண்டு. ஆகவே தகடு கிடைக்காது என்று முதலிலேயே முடிவுகட்டாமல் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைக்காதவற்றை மட்டை வெட்டி அச்செடுத்து வளைக்கலாம்.

இந்த மெல்லிய தகட்டுக்கு, கம்பியும் காப்பு வாயுவும் தானாக வரும் மிக் வெல்டிங்தான் ஏற்றது, கம்பி 0.6 அல்லது 0.8 மில்லிமீற்றர். வீட்டிலிருக்கும் ஆர்க் பிளான்ற் 1.2 மில்லிமீற்றர் தகட்டில் ஓட்டைதான் போடும். நீளமாக ஒரே கோடாக ஓட்டாதீர்கள். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு என்று மாறி மாறி வைத்து, கை வைக்கும் அளவுக்குச் சூடு ஆறியபின் இடைவெளிகளை நிரப்புங்கள். இல்லாவிட்டால் தகடு அப்பளம்போல நெளியும். நல்ல இரும்பு பளிச்சென்று தெரியுமட்டும் வெட்டி எறிந்த பிறகே ஒட்டு வைக்கவேண்டும். கறளுக்கு மேல் ஒட்டு பிடிக்காது. பித்தளை ஒட்டு, காரின் பாரத்தைத் தாங்கும் இடத்துக்கு ஆகாது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் மிக் வெல்டிங் செய்தால் காப்பு வாயுவைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். வெல்ட் தேன்வதைபோலத் துளை துளையாக இருக்கும். மூன்று பக்கமும் மறைப்புக் கட்டிக்கொள்ளுங்கள்.

பற்றரியைக் கழற்றி, பெற்றோல் தாங்கியை இறக்கி, இருக்கை, கம்பளம் எல்லாவற்றையும் வெளியே எடுத்தபிறகே வெல்டிங். ஒருவர் வெல்டிங் செய்யும்போது இன்னொருவர் தகட்டின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் வேண்டும். வேலை முடிந்து அரைமணி நேரம் காரைத் தனியே விட்டுப் போகக்கூடாது. பழைய தாரும் நாரும் உள்ளே புகைந்துகொண்டிருக்கும். பெற்றோல் தாங்கி ஓட்டையென்றால் அதில் வீட்டில் நெருப்பு வைக்கவே கூடாது. பெற்றோல் ஊற்றி வருடக்கணக்கான வெற்றுத் தாங்கியும் வெடிக்கும்.

இனி நம் ஊருக்கென்றே உள்ள வேலை, உப்பைக் கழுவுதல். இதை எவருமே செய்வதில்லை, அதனால்தான் ஓராண்டில் பெயின்ற் கொப்பளிக்கிறது. கம்பிப் புருசு கறளை மினுக்கிக் காட்டுமே தவிர, குழிகளுக்குள் இருக்கும் உப்பை எடுக்காது. அந்த உப்பு ஈரத்தை இழுத்துப் பெயின்றுக்கு அடியில் மறுபடி கறளைக் கிளப்பும். சுரண்டி முடித்த தகட்டை நல்ல தண்ணீரால் தேய்த்துக் கழுவி, சூடான காற்றடித்து உடனே உலர்த்தி, மறுபடியும் கழுவி உலர்த்துங்கள். கடற்கரையோரக் கிணறுகள் பல உவர். குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். உப்புப் போய்விட்டதா என்பதை அறிய எளிய வழி உண்டு. சுத்தமாக்கிய தகட்டின் ஒரு பகுதியை ஒரு இரவு அப்படியே விடுங்கள். காலையில் குழிகளில் மட்டும் கபிலப் பொட்டுகள் தெரிந்தால் உப்பு இன்னும் இருக்கிறது. பொட்டுகளைச் சுரண்டி மறுபடி கழுவவேண்டும். பொசுபாரிக் அமிலம் கலந்த கறள்நீக்கி குழிகளுக்கு நல்லது. ஆனால் அதையும் கழுவி எடுக்காமல் பிறைமர் அடித்தால் அதுவே பெயின்றைத் தூக்கும். முறுக்குக் கம்பி, வில்லுத்தகடு போன்ற வில்லிரும்புகளை அமிலத்தில் ஊறப்போடாதீர்கள், நொறுங்கும் குணம் வந்துவிடும்.

சின்னச் சாமான்களின் கறளை நீக்கச் சலவைச் சோடா போதும். பிளாஸ்ரிக் வாளியில் 5 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா கரைத்து, பற்றரி சார்ஜரின் நெகட்டிவ் முனையைச் சாமானிலும் பொசிட்டிவ் முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் கொளுவி, இரண்டும் முட்டாமல் ஒரு இரவு விடலாம். திறந்த வெளியில் செய்யுங்கள், ஐதரசன் வாயு வரும். இரும்புக்குப் பதிலாகக் கறுக்காத எவர்சில்வரைப் போடவேண்டாம்; தண்ணீர் நஞ்சாகும்.

கழுவி உலர்ந்த தகட்டில் அன்றைக்கே எபொக்சி பிறைமர் அடிக்கவேண்டும். சாதாரண சாம்பல் நிறப் பிறைமர் தண்ணீரை உறிஞ்சும். காசு சேரட்டும் என்று காரைச் சாம்பல் நிறத்திலேயே ஆறு மாதம் நிறுத்திவைப்பது, ஈரச் சாக்கைப் போர்த்தி வைப்பதற்குச் சமம். தறப்பாளை நேரே காரின்மேல் போர்த்துவதும் அப்படித்தான். பக்கம் திறந்த கூரைப்பந்தல் மேல்.

பெயின்ற் அடிக்கும் காலத்தையும் பார்க்கவேண்டும். வாடைக்காற்றும் மழையும் உள்ள ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை என்சி (நைற்றோசெலுலோஸ்) பெயின்ற் பால்போல வெளுக்கும். தின்னர் ஆவியாகும்போது குளிரும் தகட்டில் காற்றின் ஈரம் படிவதே காரணம். கச்சான் தொடங்கினால் புழுதி ஒட்டும். பெப்ரவரி முடிவிலிருந்து ஏப்ரல் வரை, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடைப்பட்ட நேரம் நம் ஊருக்குப் பொருத்தம். பிற்பகல் கடற்காற்று உப்போடு வரும். இரண்டு கலவையாக வரும் ரூகே பெயின்றை வீட்டில் அடிக்கவேண்டாம் என்பதே என் கருத்து. அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேற் நுரையீரலைக் கெடுக்கும். வெளிக்காற்று ஊட்டும் முகமூடி இல்லாமல், துணி கட்டிக்கொண்டு அதை அடிப்பது ஆபத்து.

பெயின்ற் காய்ந்த பின்னும் பெட்டித் தகடுகளின் உட்புறம் வெறும் இரும்புதான். சில் தகடு, குறுக்குத் தூலம், கதவின் அடி ஆகியவற்றுக்குள் குழாய் விட்டு மெழுகு தெளிக்கவேண்டும். கடையில் விற்கும் உட்குழி மெழுகு கிடைக்காவிட்டால், மெழுகைப் புதிய கியர் ஒயிலோடு, கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கிச் சூட்டோடு விடலாம்; நேரடி நெருப்பில் காய்ச்சாதீர்கள். எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஒயிலை ஊற்றும் பழக்கத்தைக் கைவிடவேண்டும்: அதில் அமிலம் இருக்கிறது, ரப்பரைத் தின்கிறது, சொட்டிச் சொட்டி நிலத்தையும் கெடுக்கிறது. கதவு, சில் தகடுகளின் அடியிலுள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வைக்க மறக்காதீர்கள். புட்டி வைத்து அடைக்கப்பட்ட வடிதுளைதான் பல கதவுகளின் எமன்.

எஞ்சின் வேலையை இங்கே விரிக்கவில்லை. 948, 1098 சீசீ எஞ்சின்களைத் தெரிந்த மெக்கானிக் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். உயிரோடு சம்பந்தப்பட்ட இரண்டை மட்டும் சொல்கிறேன். முன்சில்லைத் தாங்கும் சுழல்தண்டின் கீழ்ப்புறத் திருகு மூட்டில் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, சில்லைத் தூக்கி வைத்துக் கிறீஸ் அடிக்கவேண்டும். தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடங்கும். பிறேக் குழாய்க்கு ஏசி கடைச் செப்புக் குழாயைப் போடாதீர்கள். அதிர்வில் இறுகி வெடிக்கும். செப்பு நிக்கல் கலந்த பிறேக் குழாய் அல்லது இரும்புக் குழாய்தான் வேண்டும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

தகடு வெட்டும் அவசரத்தில் செசி இலக்கத் தட்டைக் கழற்றித் தொலைத்துவிட்டால், பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் காட்ட ஒன்றும் இராது. வேலைக்கு முன்பே அதைப் படமெடுத்து வையுங்கள். காரைக் கராஜில் கொடுத்துச் செய்பவர்கள், புட்டி வைப்பதற்கு முன் வெறும் தகட்டைக் காட்டும்படி கேட்டு, அதையும் படமெடுங்கள். நல்ல பாஸ் அதற்குக் கோபிக்கமாட்டார்.

இந்த வேலையில் மிகவும் கடினமானது மெல்லிய தகட்டில் மிக் வெல்டிங். திருகோணமலையிலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்கள் வார இறுதியில் அதற்கொரு குறுகிய பாடநெறி நடத்தலாம். கேற்றும் கிறிலும் செய்யும் தடித்த இரும்பில் அல்ல, 1.2 மில்லிமீற்றர் தகட்டில் பழக்கவேண்டும். ஒட்டிய துண்டைக் குறட்டில் மடக்கிப் பார்த்து, தகடு கிழிந்து ஒட்டு நின்றால் மட்டுமே பயிலுநர் காரில் கை வைக்கலாம்.

இங்ஙனம்,
பழைய வாகனத் திருத்த வேலை தெரிந்த வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.